ரிட்டர்ன் வேல்யூ: ‘திருப்பி அனுப்பும் மதிப்பு’ அல்ல, விடைமதிப்பு

“தகுதி பார்க்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) ‘உண்மை’ என்ற மதிப்பைத் திருப்பி அனுப்பினால், விண்ணப்பம் மேலாளருக்குச் செல்லும்.”

ஜாவா நிரலை, விண்ணப்பங்களை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நகர்த்தும் பணியோட்ட மென்பொருளோடு இணைக்கச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. சோழிங்கநல்லூர், தரமணிப் பக்கம் நடக்கும் வார இறுதி வகுப்புகளிலும் இதே பேச்சுதான். கோட்டையில் கோப்பு பார்க்கும் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ‘திருப்பி அனுப்பினால்’ என்றதும் அவர் என்ன நினைப்பார்? கோப்பில் ஏதோ குறை, விளக்கம் கேட்டுக் கீழே வந்துவிட்டது என்றுதான். திருப்பி அனுப்பியது எப்படி மேலாளரிடம் போகும் என்று கேட்பார். நியாயமான கேள்வி. வாக்கியத்தை எழுதியவரிடம் இதற்குப் பதில் இருக்காது.

முதலில் பொருள். நிரலின் ஒரு பகுதி ஒரு செயற்கூற்றை அழைக்கிறது. அது தன் வேலையை முடித்து, அழைத்த இடத்துக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. அதுதான் ரிட்டர்ன் வேல்யூ. ரிட்டர்ன் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. வேர்ப்பொருள் கடைசல் பிடிப்பது, அதாவது சுழற்றுவது. 1958-இல் வந்த ஃபோர்ட்ரான் 2 என்ற நிரல்மொழியில் ரிட்டர்ன் ஒரு கட்டளை. அங்கே அது மதிப்பைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. விடையைச் செயற்கூற்றின் பெயரிலேயே இட்டு வைப்பார்கள். ரிட்டர்ன் என்றால் கட்டுப்பாடு அழைத்த இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். பிசிபிஎல் மொழியில் திரும்புவதற்கு ஒரு கட்டளை, விடை சொல்வதற்கு வேறொரு கட்டளை. அதன் வழியில் வந்த சி மொழியில் இரண்டு வேலையும் ரிட்டர்ன் என்ற ஒரே சொல்லின் தலையில் விழுந்தது. 1995-இல் வந்த ஜாவாவும் அதையே எடுத்துக்கொண்டது.

ஆக, திரும்புவது கட்டுப்பாடு. மதிப்பு திரும்புவதில்லை. அது எங்கேயும் போயிருக்கவில்லையே, திரும்புவதற்கு? நம் வாக்கியத்தில் வருவது விடுப்பு விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அனுப்பியது பணியாளர் எண்ணும் விடுப்பு நாட்களும். வெளியே வந்தது ‘தகுதி உண்டு’ என்ற தீர்ப்பு. அது புதிதாகப் பிறந்த மதிப்பு. ‘திரும்பும் மதிப்பு’ என்று எழுதுகிறவர்கள் தன்வினையைத் தவறான எழுவாய்க்குக் கொடுக்கிறார்கள். ‘திருப்பித் தரும் மதிப்பு’ என்கிறவர்கள் தன்வினையைப் பிறவினையாக்கி, வாங்கிய கடனைத் திருப்பித் தருவது போன்ற பொருளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு பயிற்சி நிறுவனத்தின் கையேட்டில் ‘வருவாய் மதிப்பு’ என்றே பார்த்தேன். முதலீட்டுக்குக் கிடைக்கும் ரிட்டர்னும் இதுவும் ஒன்று என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

எழில் நிரல்மொழி இதற்குப் ‘பின்கொடு’ என்ற சொல்லைக் கட்டளையாக வைத்திருக்கிறது. தமிழில் நிரல் எழுத முடியும் என்று செய்து காட்டிய மொழி. அந்தச் சொல்லை மதிக்கிறேன். கொடுப்பது செயற்கூறு என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் ‘பின்’ மறுபடியும் ஆங்கிலத்தின் ‘ரி’யைத்தான் சுமக்கிறது. கட்டளையாகச் சரி, பெயராக்கி ‘பின்கொடுத்த மதிப்பு’ என்றால் வாக்கியம் தடுக்குகிறது.

நான் முன்வைப்பது விடைமதிப்பு. கொடு, கொடை, தொடு, தொடை, அந்த வரிசையில் விடு, விடை. கேட்டதற்குச் சொல்லும் பதிலும் விடை, புறப்படுவதற்குக் கொடுக்கும் அனுமதியும் விடை. ஜாவாவின் ரிட்டர்ன் செய்வது சரியாக இந்த இரண்டையும்தான்: அழைத்தவருக்கு விடை சொல்கிறது, செயற்கூறு விடைபெறுகிறது. ஆங்கிலத்தில் தற்செயலாக ஒட்டிய இரண்டு பொருள்கள் தமிழ்ச் சொல்லுக்குள் முன்பே சேர்ந்து கிடக்கின்றன. இவ்வளவு பொருத்தமான சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் ‘திருப்பி’யைக் கட்டி அழ வேண்டும்?

இன்னொரு வசதி. ரிட்டர்ன் டைப் என்பதற்கு ‘திருப்பி அனுப்பும் தரவினம்’ என்று மூச்சு வாங்க எழுதுகிறார்கள். விடைவகை என்றால் போதும். நன்னூல் விடையை எட்டாக வகுத்திருக்கிறது. சுட்டு, மறை, நேர் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. உடன்படுவது நேர், மறுப்பது மறை. பூலியன் வகையின் உண்மை, பொய் என்ற இரண்டு மதிப்புகளையும் மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எந்த மதிப்பும் தராத செயற்கூற்றுக்கு ஜாவா இடும் அடையாளம் வாய்டு. அதை ‘விடையில்லாச் செயற்கூறு’ எனலாம். அப்போது அதற்கும் நல் என்ற வெறுமைக்கும் உள்ள வேறுபாடு தானாகப் புரியும். ஒன்று விடையே தருவதில்லை. மற்றது வெறுமையை விடையாகத் தருகிறது. ‘எதையும் திருப்பி அனுப்பாது’, ‘வெறுமையைத் திருப்பி அனுப்பும்’ என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள், மாணவர் குழம்புவார்.

‘வெளியீட்டு மதிப்பு’ என்று சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. திரையில் அச்சிடுவதையும் ரிட்டர்னையும் ஒன்றாக நினைப்பதுதான் புதிதாக ஜாவா படிப்பவர்கள் செய்யும் முதல் பிழை. வெளியீடு என்ற சொல் அதை உறுதிப்படுத்தும். ‘விளைமதிப்பு’ ஓரளவு பரவாயில்லை. ஆனால் சைடு எஃபெக்டுக்குப் பக்கவிளைவு என்ற சொல் இருக்கும்போது விளைவையும் விடையையும் தள்ளி வைப்பதே நல்லது.

பணியோட்ட மென்பொருளில் இந்த வேறுபாடு ஏன் அதிகம் உறுத்துகிறது என்றால், அங்கே உண்மையிலேயே திருப்பி அனுப்பும் வேலை ஒன்று இருக்கிறது. கமுண்டா 7 என்ற பணியோட்ட மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பணியோட்டங்களை வரையும் பிபிஎம்என் 2.0 முறையில் அமைந்த வரைபடத்தில் விடுப்பு விண்ணப்பம் ஒரு தானியங்கிப் பணிக்கு வருகிறது. அங்கே ஜாவாவை இணைக்கப் பல வழிகள் உண்டு. ஜாவா டெலிகேட் என்ற இடைமுகத்தின் வழியில் போனால், எக்ஸிக்யூட் என்ற செயற்கூற்றின் விடைவகை வாய்டு. அது எதையும் விடையாகத் தராது. நாமே உள்ளே செட்வேரியபிள் என்ற செயற்கூற்றை அழைத்து, மதிப்பைப் பணியோட்டத்தின் மாறியில் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில்) எழுத வேண்டும். இன்னொரு வழியில், சாதாரணச் செயற்கூறு ஒன்றைக் கோவையாக (எக்ஸ்பிரஷன்) எழுதி அழைக்கலாம். அதன் விடைமதிப்பு எந்த மாறியில் போய் உட்கார வேண்டும் என்பதை ரிசல்ட் வேரியபிள் என்ற பண்பில் குறிப்பிடுகிறோம். குறிப்பிட மறந்தால் கணக்கெல்லாம் சரியாக நடக்கும், விடை மட்டும் காற்றோடு போய்விடும். அடுத்து வரும் சாய்சதுரக் கிளைமுனை, வைத்த நிபந்தனைக்கு அந்த மாறியைத் தேடும். கிடைக்காமல் பிழை காட்டி நிற்கும். இணைப்பில் தடுமாறுகிறவர்கள் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்தக் கிளைமுனையிலிருந்து ஒரு கோடு மேலாளருக்குப் போகிறது. இன்னொரு கோடு, ‘திருத்தம் வேண்டும்’ என்று விண்ணப்பித்தவருக்கே வருகிறது. அதுதான் திருப்பி அனுப்புதல்! ஒரே பக்கத்தில் ‘செயற்கூறு திருப்பி அனுப்பும்’, ‘மேலாளர் திருப்பி அனுப்புவார்’ என்று இரண்டும் வந்தால் படிப்பவர் என்னதான் செய்வார்? ‘தகுதி உண்டு எனச் செயற்கூறு விடையளித்தால் விண்ணப்பம் மேலாளருக்குச் செல்லும், குறை இருந்தால் அவர் அதைத் திருப்பி அனுப்புவார்’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவர்கள் கைக்கு வருவது ஓர் எக்செல் தாள். ஒரு கட்டத்தில் ரிட்டர்ன் என்று மட்டும் இருக்கும். அது பொத்தானா, கடையில் வாங்கிய பொருளை மாற்றுவதா, நிரலின் விடையா என்று சொல்ல ஆளில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு யோசிக்கவும் சொன்னால் நடக்காது. ஆனால் சூழல் தெரிந்தே எழுதுகிற பாடநூல் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்துப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முன்னோர் இப்படிச் செய்யவில்லை. ரிட்டர்னிங் ஆஃபீசரை அவர்கள் ‘திரும்பும் அலுவலர்’ ஆக்கவில்லை. தேர்தல் நடத்தும் அலுவலர் என்றார்கள். இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் நமக்கு வருமான வரிக் கணக்கு. சொல்லைப் பார்க்காமல் அங்கே நடக்கும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் தேர்தல் ஆணையை நிறைவேற்றி, வென்றவர் பெயரை எழுதி மேலே அனுப்பியதால் அந்த அலுவலருக்கு அந்தப் பெயர். கேட்டதற்கு விடை கொடுப்பதும் ரிட்டர்னின் பழைய பொருள்களில் ஒன்று என்பதற்கு அதுவே சான்று.

‘பாடநூலில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, இனி மாற்றினால் குழப்பம்’ என்பார்கள். மாணவர்கள் வகுப்பில் ரிட்டர்ன் வேல்யூ என்றுதான் சொல்கிறார்கள். ‘திருப்பி அனுப்பும் மதிப்பு’ தேர்வுத்தாளைத் தாண்டி யார் வாயிலும் வரவில்லை. புழக்கத்துக்கு வராத சொல்லை மாற்றுவதில் என்ன இழப்பு? பேச்சில் ரிட்டர்ன் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. எழுத்தில் தமிழ் வேண்டும் என்று உட்காரும்போது பெயராக விடைமதிப்பு, வினையாக விடையளி, வகைக்கு விடைவகை, ரிசல்ட் வேரியபிளுக்கு விடைமாறி என்று எழுதுங்கள். ‘திருப்பி அனுப்பு’ என்பதைக் கோப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.