தொடை இடுக்கு வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

ஐப்பசி மழை விட்ட மறுநாள் கோத்தகிரி காந்தி மைதானத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். ஊன்றிய கால் ஈரப் புல்லில் பக்கவாட்டில் வழுக்குகிறது. பையன் விழாமல் சமாளித்துவிடுகிறான். ஆனால் அடுத்த முறை உட்பாதத்தால் பந்தைத் தள்ளும்போது முகம் சுளித்து, உள்தொடையின் உச்சியை விரலால் அழுத்திக்கொள்கிறான். நரம்பு இழுத்துக்கொண்டது என்று சொல்லி வீட்டில் நீலகிரித் தைலம் தேய்ப்பார்கள். இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் வலி போய்விடும். மறுபடி ஆட வந்தால், முதல் நீண்ட உதையிலேயே அதே இடத்தில் அதே வலி.

என் தம்பிக்கு ஒரு பருவம் முழுவதும் இப்படியே போயிற்று. கத்தி வைத்தால்தான் தீரும் என்று நாங்கள் கலங்கிப் போயிருந்தோம்.

இழுத்துக்கொண்டது உண்மையில் நரம்பு அல்ல. முழங்கால்களை அகட்டி உட்கார்ந்து உள்தொடையின் மேல்முனையைத் தொட்டுப் பாருங்கள். கயிறு போல ஒன்று விரலில் தட்டுப்படும். காலை உள்நோக்கி இழுக்கும் தசையின் தசைநாண் அது, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார்க்கட்டு. அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புகள் முன்புறம் கூடும் இடத்தருகே, மிகச் சிறிய பரப்பில் அது ஒட்டியிருக்கிறது. பின்னுக்கு ஓங்கிய காலை முன்னுக்கு வீசத் தொடங்கும் நொடியில் இந்தத் தசை நீண்டுகொண்டே இறுகவும் வேண்டும். அந்த விசை முழுவதையும் அந்தச் சிறிய ஒட்டிடம்தான் தாங்குகிறது. மேலிருந்து வயிற்றுத் தசையும் அங்கேதான் வந்து சேர்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் நடு முடிச்சுக்கு நேர்வது இந்த இடத்துக்கும் நேர்கிறது. அதனால்தான் சிகிச்சையில் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி தருகிறார்கள்.

மேடும் படியும் ஏறி வளர்ந்த கால்களுக்கு வலுவில்லையா என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். மேடு ஏறும்போது முன்தொடையும் புட்டமும் கெண்டைக்காலும்தான் பெரும்பங்கு உழைக்கின்றன. பக்கவாட்டில் சட்டென்று திரும்புவதும் ஓங்கி உதைப்பதும் கேட்கும் உள்தொடை வலுவைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும்.

தசைநாணுக்குள் இருக்கும் செல்கள் சுமையை உணர்ந்துதான் புது நார்களை உருவாக்குகின்றன. சுமையே இல்லையென்றால் வலி அடங்கும், ஆனால் தாங்கும் திறனும் குறையும். ஆட்டம் கேட்கும் விசையோ குறைவதில்லை. ஓய்வுக்குப் பின் வலி திரும்புவதற்குக் காரணம் இதுதான். தைலம் தோலில் ஓர் இதமான உணர்வைத் தந்து வலியைச் சற்று மறக்கச் செய்யும். நாரை வலுப்படுத்த அதனால் முடியாது.

1999இல் டென்மார்க் மருத்துவர் பெர் ஹோல்மிக்கும் குழுவினரும் நாட்பட்ட தொடை இடுக்கு வலியுள்ள 68 விளையாட்டு வீரர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு லேசர், மசாஜ், தசை நீட்டல், மின்தூண்டல். மற்றதற்கு உள்தொடையையும் வயிற்றையும் வலுப்படுத்தும் பயிற்சி. இறுதிவரை நின்றவர்களில், பயிற்சி செய்த 29 பேரில் 23 பேர் வலியின்றிப் பழைய அளவுக்கு விளையாடத் திரும்பினார்கள். மற்றப் பிரிவின் 30 பேரில் நால்வர் மட்டுமே.

அந்தப் பயிற்சியின் தொடக்கம் வியக்கும்படி எளியது. மல்லாந்து படுத்து, பாதங்களுக்கு நடுவே கால்பந்தை வைத்து 30 விநாடி அழுத்த வேண்டும், பத்து முறை. பிறகு முழங்கால்களுக்கு நடுவே வைத்து அதேபோல். இரண்டு வாரம் கழித்துத்தான் காலைத் தூக்கி இறக்கும் கடினமான பயிற்சிகள். மொத்தம் 8 முதல் 12 வாரம். பொறுமை இழந்து நடுவில் விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா? பத்துக்கு இரண்டு வரை வலி இருந்தால் பயமில்லை. மூன்று முதல் ஐந்து என்றால் கவனமாகத் தொடரலாம். அதற்கு மேல் போனால் சுமையைக் குறைக்க வேண்டும்.

நலமாக இருப்பவர்களுக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஒருக்களித்துப் படுத்தவரின் மேல்காலைத் தோழர் பிடித்துக்கொள்ள, அவர் இடுப்பை உயர்த்தி மெல்ல இறக்குவார். கோபன்ஹேகன் பயிற்சி என்று பெயர். 2019இல் வெளியான நார்வே ஆய்வில், இதைச் செய்த கால்பந்து அணிகளில் தொடை இடுக்குத் தொல்லைக்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது.

எல்லா இடுக்கு வலியும் தசைநாண் வலி ஆகாது. இருமும்போது புடைத்தால் குடலிறக்கமா என்று பார்க்க வேண்டும். விரை வலி, காய்ச்சல், இரவில் உறங்கவிடாத வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வளரும் பருவத்துப் பிள்ளை நொண்டினால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கு முன் எந்தப் பயிற்சியும் கூடாது.

தம்பி பந்தை அழுத்தத் தொடங்கிய முதல் நாள் 30 விநாடி தாங்காமல் கால் நடுங்கியது. ஏழாவது வாரம் நேராக மெல்ல ஓடினான். பிறகு வளைந்து ஓடினான், அதன்பின் சட்டென்று திசை திரும்பி ஓடினான். மூலையிலிருந்து கோல் முகப்புக்குப் பந்தைத் தூக்கி அடிக்க நான்கு மாதம் ஆயிற்று.