ஸ்கிரீன் அணைஞ்சிடுச்சு, ஃபேன் மட்டும் சுத்துது: அப்கிரேடுக்கு அப்புறம் லேப்டாப் ஏன் ஆஃப் ஆக மாட்டேங்குது?

பெரிய சிஸ்டம் அப்கிரேடு ஒண்ணு முடிஞ்சிருக்கும், வைஃபை வருது, சவுண்டு வருது, எல்லாம் நல்லாத்தான் ஓடுது, நைட்டு ஷட்டவுன் குடுத்துட்டு மூடப் போனா ஸ்கிரீன் கருப்பாயிடுது ஆனா பவர் லைட் எரிஞ்சுட்டே இருக்கு, காதை கிட்ட வச்சுப் பாத்தா ஃபேன் சத்தமும் கேக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தாலும் அதே கதைதான். வேற வழியில்லாம பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா டக்குனு ஆஃப் ஆயிடும், மறுநாளும் இதே கூத்து. யார்கிட்ட கேட்டாலும் ரீஇன்ஸ்டால் பண்ணு, பேட்டரிய மாத்துன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஆனா ஷட்டவுன்ங்கிறது வரிசையா நடக்குற ஏகப்பட்ட வேலை, அதுல எந்த எடத்துல மாட்டிக்கிச்சுன்னு பாக்காம எதை மாத்தினாலும் குருட்டாம்போக்குதான். எங்க மாட்டுச்சுன்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, அது தெரியறதுக்கு வெளில இருந்தே நிறைய அடையாளம் கிடைக்கும்.

மொதல்ல ஒரு விஷயம். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா ஆஃப் ஆகுறது ஓஎஸ்ஸோட, அதாவது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட, தயவுல இல்ல. பவர் பட்டனை 4 செகண்டுக்கு மேல பிடிச்சா யாரையும் கேக்காம கரண்டைக் கட் பண்ணிடணும்னு கம்ப்யூட்டரோட பவரை எப்படிக் கையாளணும்னு சொல்ற ஏசிபிஐங்கிற விதிமுறையிலயே இருக்கு, அத பாத்துக்கறது ஹார்ட்வேர். சில லேப்டாப்ல 10 செகண்டு, அதுக்கு மேலயும் பிடிக்க வேண்டி இருக்கும். அதனால அழுத்திப் பிடிச்சா ஆஃப் ஆகுதுன்னா கரண்டைக் கட் பண்ற பாகம் உயிரோட இருக்கு, அதுக்கு ஓஎஸ் கிட்ட இருந்து வரவேண்டிய சொல்லுதான் வந்து சேரலன்னு அர்த்தம். பயந்து போய் மதர்போர்டு போச்சுன்னு முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு காலத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது, ஏன்னா கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகவே ஆகாது. விண்டோஸ் 95 ஓடின பழைய டெஸ்க்டாப்ல ஷட்டவுன் குடுத்தா கருப்பு ஸ்கிரீன்ல ஆரஞ்சு எழுத்துல, இப்ப ஆஃப் பண்ணிக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு வரும், நாமதான் கையால சுவிட்சைத் தட்டணும். 1995ல இன்டெல் கொண்டு வந்த ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில மெஷின் ஆஃப்ல இருக்கும்போதும் 5 வோல்ட் ஒண்ணு மெல்லிசா ஓடிட்டே இருக்கும், சாஃப்ட்வேர் சொன்னா மெயின் சப்ளை நின்னுடும். 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணும் சேந்து ஏசிபிஐயோட முதல் பதிப்பை வெளியிட்டாங்க, பவர் சமாச்சாரம் ஓஎஸ் கையில போனது அப்பதான். சௌகரியம்தான், ஆனா அன்னைல இருந்து ஓஎஸ்ஸோட பொழப்பு நுனிக்கிளையில உக்காந்துக்கிட்டு அடிமரத்தை வெட்டுறதுதான், தான் ஓடிட்டு இருக்கிற மெஷினைத் தானே நிறுத்தணும், அதுவும் எதையும் உடைக்காம.

உள்ள என்ன நடக்குதுன்னு லினக்ஸை வச்சுப் பாத்தா தெளிவா தெரியும். நீங்க ஷட்டவுன் குடுத்ததும் சிஸ்டம்டிங்கிற மேலாள் புரோகிராம், பின்னாடி ஓடிட்டு இருக்கிற ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘முடிச்சுக்கோப்பா’ன்னு ஒரு சிக்னல் அனுப்பும். இது உத்தரவு இல்ல, வேண்டுகோள்தான், கையில இருக்கிற வேலைய சேவ் பண்ணிட்டு கெளம்புறதுக்கு டைம் குடுக்குது. பொதுவா 90 செகண்டு, ஃபெடோரா மாதிரி சில லினக்ஸ்ல 45 ஆ குறைச்சுட்டாங்க. அதுக்குள்ள போகலன்னா அடுத்தது கில் சிக்னல், அதுக்கு எதுத்துப் பேச முடியாது. கருப்பு ஸ்கிரீன்ல சிவப்பு நட்சத்திரம் இப்பிடியும் அப்பிடியும் ஓட, பக்கத்துல எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்ன்னு ஒரு வரி, கடைசில செகண்டு ஓடிட்டே 1 நிமிஷம் 30 செகண்டை நோக்கிப் போகுறத பாத்திருப்பீங்க, அது இந்தக் காத்திருப்புதான். அந்த வரியில சர்வீஸோட பேரே இருக்கும், குற்றவாளி தானா வந்து பேரைச் சொல்ற மாதிரி ஒரு எடம் இது ஒண்ணுதான், ஆனா நிறைய பேர் அதைப் படிக்காமலே பட்டனை அழுத்திடுவாங்க. லோகோ மட்டும் தெரிஞ்சா எஸ்கேப் கீயைத் தட்டுங்க, பெரும்பாலும் பின்னாடி ஓடுற வரியெல்லாம் வெளில வந்துடும்.

கில் சிக்னலுக்கும் அசையாத ஒரு ரகம் இருக்கு. ஒரு புராசஸ் டிஸ்க் கிட்டயோ நெட்வொர்க்ல இருக்கிற ஃபைல் சர்வர் கிட்டயோ ஏதோ கேட்டுட்டு பதிலுக்காக கர்னலுக்குள்ள, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிக்குள்ள, காத்திருந்தா, பதில் வர்ற வரைக்கும் அதை யாராலயும் கொல்ல முடியாது, புராசஸ் லிஸ்ட்ல பாத்தா டி ன்னு ஒரு எழுத்து காட்டும். அப்கிரேடுல சர்வீஸ்களோட வரிசை மாறிப்போய் நெட்வொர்க் மொதல்ல அணைஞ்சு, ஷேர் ஃபோல்டரை அப்புறம் கழட்டப் போனா, பதில் எங்க இருந்து வரும்? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துட்டு நிக்கும். மவுண்ட் பண்ணி வச்ச ஷேர் எதாவது இருந்தா கையால கழட்டிட்டு ஷட்டவுன் குடுத்துப் பாருங்க, உடனே ஆஃப் ஆனா விஷயம் முடிஞ்சுது.

சர்வீஸெல்லாம் போனதுக்கப்புறம் மெமரியில தேங்கி நிக்கிற, இன்னும் டிஸ்க்குல எழுதாத டேட்டாவை எழுதி முடிக்கணும், ஃபைல் சிஸ்டத்தைக் கழட்டணும், எஸ்எஸ்டி கிட்ட ‘கரண்ட் போகப் போகுது’ன்னு முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் கர்னல் ஒவ்வொரு டிரைவரையும், அதாவது ஒவ்வொரு டிவைஸையும் ஓட்டுற சின்ன சாஃப்ட்வேரை, கூப்பிட்டு உன் டிவைஸை நிறுத்துன்னு சொல்லும். கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை, யூஎஸ்பி, எல்லாரும் சரின்னு சொல்லணும். இதுல ஒருத்தன் பதில் சொல்லலன்னாலும் வரிசை அங்கேயே நின்னுடும், அதுக்குள்ள டிஸ்பிளே அணைஞ்சிருக்கும், அதான் நாம பாக்குற அந்தக் கருப்பு ஸ்கிரீன்.

எல்லாம் தாண்டி வந்தா கடைசி வேலை ரொம்பச் சின்னது. லேப்டாப்போட ஃபர்ம்வேர்ல, அதாவது மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கிற சாஃப்ட்வேர்ல, இருக்கிற பட்டியலைப் பாத்து, முழுசா ஆஃப் ஆகுறதுக்கு, அதாவது எஸ்5 ங்கிற நிலைக்கு, இந்த மெஷின்ல என்ன எண்ணுன்னு ஓஎஸ் எடுத்துக்கும். 16 பிட் இருக்கிற ஒரு கன்ட்ரோல் ரிஜிஸ்டர்ல (சிப்புக்குள்ள எண் எழுதி வைக்கிற குட்டி எடம்) 10ல இருந்து 12 வரைக்கும் இருக்கிற மூணு பிட்டுல அந்த எண்ணை எழுதி, 13வது பிட்டை 1 ஆக்கும், அவ்ளோதான். சிப்செட் அதப் பாத்துட்டு சிக்னல் குடுக்க, மத்த வோல்டேஜெல்லாம் ஒவ்வொண்ணா எறங்கிடும். அந்தப் பிட்டை எழுதுன அடுத்த நொடி எழுதுன புரோகிராமே இருக்காது. ஃபர்ம்வேர்ல தப்பு இருந்தா இந்த எடத்துல எழுதியும் ஒண்ணும் நடக்காம மெஷின் நின்னுட்டே இருக்கும்.

அப்கிரேடு பண்ணதும் இது ஏன் கெடுதுன்னா, மேல சொன்ன சங்கிலியில ஃபர்ம்வேரைத் தவிர முக்காவாசி ஆள் ஒரே ராத்திரியில மாறிடறாங்க. கர்னல் புதுசு, டிரைவர் புதுசு, சில சமயம் டிரைவர் மட்டும் பழசாவே இருக்கும், நீங்க அணைச்சு வச்ச செட்டிங் சிலது திரும்ப ஆன் ஆயிருக்கும். 2015ல விண்டோஸ் 10 வந்த புதுசுல நிறைய லேப்டாப்ல இதே கருப்பு ஸ்கிரீன், இதே ஃபேன் சத்தம். அதுல பலதுக்குக் காரணம் இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின்ங்கிற, சிப்செட்டுக்குள்ளயே தனியா ஓடுற பாகத்தோட டிரைவர், அப்கிரேடோட தானா வந்து உக்காந்த 11ம் வெர்ஷன் பழைய மெஷினோட ஒத்துப் போகல, 9 இல்லாட்டி 10ம் வெர்ஷனுக்குத் திரும்பிப் போனவங்களுக்கு சரியாச்சு. புது டிரைவர்னா நல்ல டிரைவர்னு நம்புறவங்க இதைக் கவனிக்கணும்.

விண்டோஸ்ல இன்னொரு கோளாறான சமாச்சாரம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 2012ல விண்டோஸ் 8ஓட வந்தது. இது ஆன்ல இருந்தா நீங்க ஷட்டவுன் குடுக்கும்போது உங்க லாகின், ஓபன் பண்ண புரோகிராம் எல்லாம் மூடும், ஆனா கர்னலும் டிரைவரும் மூடாது, அப்படியே மெமரியோட டிஸ்க்குல எழுதி வச்சுட்டு தூங்கப் போகும், அதாவது அது பாதி ஹைபர்நேட். டாஸ்க் மேனேஜர்ல சிபியூ பக்கத்துல அப் டைம்ங்கிற கணக்கைப் பாருங்க, தினமும் ஷட்டவுன் பண்ணியும் பல நாளா ஓடுறதா காட்டும், இதனாலதான். பூட் சீக்கிரம் ஆகுதுங்கிறது நெசம், ஆனா எஸ்எஸ்டி இருக்கிற மெஷின்ல அந்தக் கொஞ்ச செகண்டுக்காக இந்தத் தொல்லையை வச்சுக்கணுமான்னு கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஹைபர்நேட்டுக்கு டிரைவர் தயாராகுற விதமும் முழுசா ஆஃப் ஆகத் தயாராகுற விதமும் வேற வேற, அப்கிரேடுக்கு அப்புறம் முதல்ல சொதப்புறது இந்தப் பாதைதான். இன்னொரு டிரைவ் பார்ட்டிஷன்ல லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு இது கூடுதல் தலைவலி, விண்டோஸ் டிரைவ் பாதி திறந்த நிலையிலேயே கெடக்கும்.

இப்ப கண்டுபிடிக்கிற வேலைக்கு வருவோம். முதல் சோதனை காசே இல்லாதது, ஷட்டவுன் பதிலா ரீஸ்டார்ட் குடுத்துப் பாருங்க. ரீஸ்டார்ட்டும் ஷட்டவுனும் முக்காவாசி தூரம் ஒரே ரோட்டுலதான் போகும், சர்வீஸ் நிறுத்துறது, ஃபைல் சிஸ்டம் கழட்டுறது, டிரைவரை மூடுறது எல்லாம் பொதுவு. ரீஸ்டார்ட் ஒழுங்கா ஆகுது ஷட்டவுன் மட்டும் ஆகலன்னா புரோகிராமையும் சர்வீஸையும் சந்தேகப்பட வேண்டியதில்ல, விண்டோஸ்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், லினக்ஸ்னா அந்தக் கடைசி ரிஜிஸ்டர் பக்கம் போங்க. ரெண்டுமே மாட்டுதுன்னா மேல ஏதோ ஒரு சர்வீஸோ டிரைவரோதான்.

விண்டோஸ்ல அடுத்தது, ஷிஃப்ட் கீயைப் பிடிச்சுக்கிட்டு ஷட்டவுனை கிளிக் பண்ணுங்க, அந்த ஒரு தடவை மட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாம முழுசா மூடும். அப்படி ஆஃப் ஆயிட்டா கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை நிரந்தரமா எடுத்துடுங்க, வேற எதையும் தொட வேண்டாம். அப்பவும் மாட்டுச்சுன்னா, பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணதும் ஈவன்ட் வியூவர்ல சிஸ்டம் லாகை, அதாவது நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற பதிவை, திறங்க. ஈவன்ட் ஐடியில 1074ன்னு ஒண்ணு இருந்தா ஷட்டவுன் உத்தரவு பிறந்த நேரம், 6006 இருந்தா லாக் எழுதுற சர்வீஸ் வரைக்கும் ஒழுங்கா நின்னுருக்கு, 41 ங்கிறது ஒழுங்கா மூடாம கரண்ட் போச்சுன்னு அடுத்த பூட்ல எழுதுறது. 1074 இருக்கு 6006 இல்லன்னா சர்வீஸ் மட்டத்துலயே மாட்டிருக்கு. 6006 வந்துட்டு அதுக்கப்புறமும் ஃபேன் சுத்துச்சுன்னா டிரைவர் இல்லாட்டி ஃபர்ம்வேர்.

லினக்ஸ்ல லாகைக் காட்டுற ஜர்னல்சிடிஎல் கட்டளை கிட்ட போன பூட்டோட லாகைக் கேட்டு கடைசிப் பக்கத்தைப் பாருங்க. கடைசி வரி எந்த சர்வீஸோட பேர்ல நிக்குதோ அங்க இருந்து ஆரம்பிக்கலாம். ஃபைல் சிஸ்டம் கழட்டுற வரைக்கும் எல்லா வரியும் இருந்தா லாக் அதுக்கு மேல உதவாது, ஏன்னா எழுதுறதுக்கு டிஸ்க்கே இல்ல. அப்ப கர்னலை மாத்திப் பாக்குறதுதான் நல்ல சோதனை, பூட் மெனுவுல பழைய கர்னல் பெரும்பாலும் இன்னும் இருக்கும், அதுல போய் ஷட்டவுன் குடுங்க. பழசுல ஆஃப் ஆகுது புதுசுல ஆகலன்னா புது கர்னலோ, அதோட ஒட்டாத கிராஃபிக்ஸ் டிரைவரோதான் ஆள், ஹார்ட்வேரைச் சந்தேகப்பட வேண்டாம்.

கருப்பு ஸ்கிரீன்ல நிக்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்க. லைட் மாறுச்சுன்னா பெரும்பாலும் கர்னல் இன்னும் மூச்சு விடுது, யாருக்காகவோ காத்திருக்கு. மாறலன்னா ரொம்ப தூரம் போயிடுச்சு, இல்ல உறைஞ்சு போச்சு. லினக்ஸ்ல உயிரோட இருக்கிற கர்னலுக்கு ஆல்ட்டும் சிஸ்ஆர்க்யூவும் (பெரும்பாலும் பிரின்ட் ஸ்கிரீன் கீதான்) பிடிச்சுக்கிட்டு எஸ், யூ, ஓ ன்னு ஒண்ணு ஒண்ணா அழுத்தினா டேட்டாவை எழுதி, டிஸ்க்கைப் படிக்க மட்டும்ன்னு மாத்தி, நேரா ஆஃப் பண்ணப் பாக்கும், வெறுமனே பட்டனைப் பிடிக்கிறத விட இது எவ்வளவோ மேல்.

ஆஃப் ஆகி உடனே தானா ஆன் ஆகுறது வேற வியாதி. மெஷின் எஸ்5 போயிடுச்சு, ஏதோ ஒண்ணு எழுப்பி விட்டுடுச்சு, யூஎஸ்பியில சொருகின மவுஸ், டாக், நெட்வொர்க் வழியா மெஷினை எழுப்புற வேக் ஆன் லேன், இதெல்லாம் பயாஸ்ல, அதாவது ஃபர்ம்வேரோட செட்டிங்ல, அணைச்சுப் பாருங்க. விண்டோஸ்ல இன்னொரு காரணமும் உண்டு, ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி டிரைவர் மாட்டி புளூ ஸ்கிரீன் வந்து தானா ரீஸ்டார்ட் ஆகியிருக்கும், நாம பாக்கும்போது லாகின் ஸ்கிரீன்தான் நிக்கும். ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில தானா ரீஸ்டார்ட் ஆகுறதை எடுத்துவிட்டா அடுத்த தடவை அந்த நீல ஸ்கிரீன் அப்படியே நிக்கும், டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்னு எழுதியிருந்தா சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் 11ல அப்டேட் அண்ட் ஷட்டவுன் குடுத்தா ஆஃப் ஆகாமப் போற பிழைய 2025 அக்டோபர்ல வந்த அப்டேட்லதான் மைக்ரோசாஃப்ட் சரி பண்ணாங்க, அது மட்டும்தான் உங்க தொல்லைன்னா அப்டேட் போட்டாலே போதும்.

டிரைவர்தான்னு தெரிஞ்சா லேப்டாப் கம்பெனியோட சைட்ல உங்க மாடலுக்குன்னு இருக்கிற டிரைவரையும் பயாஸ் அப்டேட்டையும் போடுங்க, பயாஸ் போடும்போது சார்ஜர் சொருகி இருக்கட்டும். லினக்ஸ்ல சர்வீஸுக்குக் குடுக்கிற அந்த 90 செகண்டை 5 செகண்டா குறைச்சுடுன்னு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் ஓடுற கம்ப்யூட்டர்ல அதைச் செய்யாதீங்க, எழுதிட்டு இருக்கிறத பாதில வெட்டுற வேலை அது. பட்டனைப் பிடிச்சு ஆஃப் பண்றதுக்கு, அப்கிரேடு முடிஞ்ச கையோட வர்ற முதல் ஷட்டவுன் மட்டும் விதிவிலக்கு, அப்ப உள்ள ஃபைல் மாத்துற வேலை நிஜமாவே நடந்துட்டு இருக்கலாம். சதவீதம் ஓடிட்டு இருந்தா அரை மணி நேரம் ஆனாலும் பட்டன் பக்கம் போகாம விட்டுடுங்க.