குடிப்பழக்கமே இல்லை, பிறகு ஏன் கல்லீரலில் கொழுப்பு?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் மேசை மீது ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்ததும் பலர் முதலில் சொல்வது, "டாக்டர், நான் பீர்கூடத் தொட்டதில்லை" என்பதுதான். போன மாதம் வந்த லாரி ஓட்டும் அண்ணனும் அதையேதான் சொன்னார். கை கால் ஒல்லி, எடை 68 கிலோ, யாரும் அவரைக் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை விடச் சொல்லி அளந்தால் 98 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும்.

தொப்பைக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். அது ஒரு சுரப்பி மாதிரி இரவு பகலாக வேலை செய்கிறது, லெப்டின், அடிப்போனெக்டின் என்று ஹார்மோன்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அடிப்போனெக்டின் கல்லீரலுக்கு உற்ற துணை: கொழுப்பை எரிக்க உதவும், இன்சுலின் பேச்சைக் கேட்க வைக்கும், அழற்சியைத் தணிக்கும். கொழுப்பு செல்லிலிருந்தே வந்தாலும் தொப்பை பெருக்கப் பெருக்க இது குறைந்துபோகிறது, எனக்கு இன்றும் வியப்பான விஷயம் இது.

லெப்டின் நேர்மாறாகக் கூடுகிறது. 1994-இல் அதைக் கண்டுபிடித்தபோது பசியை அடக்க வழி கிடைத்துவிட்டது என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, ஆனால் பருமனானவர்கள் பலருக்கு ரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைய இருந்தது, மூளைதான் அதற்குச் செவிசாய்க்கவில்லை. கல்லீரலில் தழும்பு உண்டாக்கும் செல்களை அது தூண்டுவதும் ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

அப்புறம், இன்சுலினுக்கு மதிப்புக் குறைந்ததும் கொழுப்புத் திசு தன்னிடம் இருப்பதைக் கொழுப்பு அமிலங்களாகக் கொட்ட ஆரம்பிக்கிறது, குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து இறங்குவது முதலில் போய்ச் சேரும் இடமே கல்லீரல்தான். வலி இருக்காது. அதனால்தான் இத்தனை பேர் தாமதமாக வருகிறார்கள், எனக்கு மனது கேட்பதில்லை.

சரி, என்ன செய்வது? எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். அண்ணனுக்கு 7 சதவீதம் என்பது சுமார் ஐந்து கிலோ. காலையில் பசியாற ரொட்டி சானாய், நாள் முழுக்க நாலு தே தாரிக், அத்தனையிலும் கெட்டிப்பால். "தே ஓ கோசோங் குடிங்கண்ணே, பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்" என்றேன். முகம் சுளித்தார், அப்புறம் தலையாட்டினார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் முதலில் நாடா, எடை மெஷின் பிறகு.