ஒட்டுவதற்கு ஒரு சூடு, இழுப்பதற்கு ஒரு சூடு

மாதிரி விமானம் ஒன்றின், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் இன்னும் போர்த்தாத, பால்சா என்ற லேசான மரத்தாலான இறக்கையை இரண்டு முனையிலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள், கைக்கு இசைந்து கொடுக்கும். அதையே ஃபிலிம் போர்த்திச் சுருக்கிய பிறகு முறுக்கினால் விறைத்துக்கொண்டு நிற்கும். கூடிய எடையோ சதுர மீட்டருக்கு அறுபது, எழுபது கிராம்தான். பளபளவென்று வண்ணத்தாள் மாதிரித் தெரிகிற அந்தத் தோல், ரிப்களுக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு போன்ற மரத்துண்டுகளுக்கு) நடுவே மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய கயிற்றின் வேலையைச் செய்கிறது. அதில் சுருக்கம் விழுந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, அந்த இடத்தில் கயிறும் தளர்ந்திருக்கிறது.

மோனோகோட், ஓராகவர் போன்ற பிராண்டுகள் பாலியெஸ்டர் ஃபிலிம்கள். தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கின் இனம். தயாரிக்கும்போதே சூடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்துவிடுகிறார்கள். இயல்பாகச் சுருண்டு கிடக்க வேண்டிய நீள மூலக்கூறுகள் நிமிர்ந்தபடியே உறைந்துபோகின்றன. மறுபடி சூடு பட்டதும் பழையபடி சுருளப் பார்க்கின்றன, ஃபிலிம் சுருங்குகிறது. ஃபிலிமின் அடிப்பக்கத்தில் சூட்டுக்கு இளகும் பசை இருக்கிறது. பசை பிடிக்க ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் போதும். ஃபிலிம் பலமாக இழுக்க 150 டிகிரி பக்கம் போக வேண்டும். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும்.

வேலையின் சூட்சுமம் முழுக்க இந்த இடைவெளியில்தான். சீக்கிரம் முடியட்டும் என்று முதல் நாள் இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தேன். பசை பிடிப்பதற்குள் ஃபிலிம் ஓரமெல்லாம் சுருண்டு என் பக்கமே வந்துவிட்டது.

கட்டிலுக்கு நாடா பின்னுகிறவர் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போவதில்லை அல்லவா? இங்கும் அப்படித்தான். குறைந்த சூட்டில் இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் முனையில் ஒரு புள்ளி, நேர் எதிரே நுனியில் ஒரு புள்ளி, அப்புறம் பின்விளிம்பு, முன்விளிம்பு. பிறகு நான்கு ஓரத்தையும் முழுதாக ஒட்ட வேண்டும். ஓரம் பிடித்த பிறகுதான் சூட்டை ஏற்றி நடுவைச் சுருக்குவது. வளைந்த நுனியில் மட்டும் ஒரு கையால் ஃபிலிமை இழுத்துப் பிடித்தபடி, மறுகையால் விரல் அகலம் விரல் அகலமாகச் சூடு காட்ட வேண்டும். கீழ்ப்பக்கத்தை முதலில் போர்த்திவிட்டு, மேல் ஃபிலிமை அதன்மேல் அரை சென்டிமீட்டர் ஏறும்படி ஒட்டினால் மூட்டு கண்ணில் படாது.

ரிப்கள் வெளியே தெரியாமல் பால்சாப் பலகை மூடிய இடத்தில் இதே முறையைச் செய்தால் கொப்புளம்தான் மிஞ்சும். பால்சாவின் துளைகளில் காற்றும் ஈரமும் இருக்கின்றன. சூட்டில் அவை விரியும். ஓரமெல்லாம் அடைத்திருந்தால் போக வழியில்லை. அங்கே நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அப்படியும் எழும்பும் கொப்புளத்தை ஊசியால் குத்திவிட்டு அழுத்தினால் அமுங்கிவிடும். மரத்தூளை ஒழுங்காகத் துடைக்காமல் போர்த்தினால் ஒவ்வொரு தூளும் ஒரு பருவாகத் தெரியும்.

மேல்பக்கத்தை முழுவதும் சுருக்கிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவது ஆபத்து. என் இரண்டாவது இறக்கை அப்படித்தான் எண்ணெயில் போட்ட அப்பளமாகக் கோணிக்கொண்டது. எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் சூடு காட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருந்தால் நேராகிவிடும். இதே உபாயத்தால் நுனியின் பின்விளிம்பை இரண்டு மூன்று டிகிரி மேலே தூக்கி வைப்பவர்களும் உண்டு. வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் பக்கவாட்டில் கவிழாமல் இருக்க அது உதவும்.

ஈரக்காற்று அடிக்கிற நாளில் போர்த்திய இறக்கை, மரம் காய்ந்து ஒடுங்கியதும் தொளதொளக்கும். மறுபடி ஒரு முறை இஸ்திரி போட்டால் இழுத்துக்கொள்ளும். ஆனால் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது. மூலக்கூறுகள் சுருள வேண்டிய அளவு சுருண்டு முடித்துவிட்டால் எவ்வளவு சூடு வைத்தாலும் அசையாது. அந்தத் துண்டை உரித்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.