0.400 எங்கே போயிற்று?

"1941க்குப் பிறகு அமெரிக்க பேஸ்பாலில் ஒருத்தர்கூட ஒரு சீசனில் 0.400 சராசரியைத் தொடவில்லையாமே, இப்போது ஆடுகிறவர்கள் அவ்வளவு மோசமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மோசமில்லை. எல்லாருமே நன்றாக ஆடுவதால்தான் அந்த எண் காணாமல் போயிற்று.

முதலில் கணக்கு. கிரிக்கெட் சராசரியைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள், இங்கே ரன் கணக்கில்லை. கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது) கிடைத்தது, அவ்வளவுதான். 1941 சீசனின் கடைசி நாள் காலையில், அந்த 0.400ஐத் தொட்ட பேட்டர் டெட் வில்லியம்ஸ் கையில் இருந்தது 448க்கு 179. வகுத்துப் பாருங்கள், 0.39955 வரும், மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் 0.400. பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி 8க்கு 6 அடித்து, 0.406இல் முடித்தார்.

சரி, அப்புறம் ஏன் யாரும் வரவில்லை? புதைபடிவங்களை ஆராய்ந்த ஸ்டீபன் ஜே கூல்டு இதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாமெல்லாம் உச்சியில் இருப்பவரையே பார்க்கிறோம், கூல்டோ மொத்தக் கூட்டமும் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று பார்த்தார். லீகின் பொதுச் சராசரி நெடுங்காலம் 0.260ஐ ஒட்டியே ஊசலாடியது. பரவல், அதாவது ஆட்டக்காரர்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று காட்டும் திட்ட விலக்கம், 0.040 என்று வைத்துக்கொள்வோம். முதலிடக்காரர் சராசரியிலிருந்து மூன்றரை விலக்கம் மேலே நின்றால் சரியாக 0.400. அதே ஆள், அதே மூன்றரை, ஆனால் பரவல் 0.030ஆகச் சுருங்கிவிட்டது, இப்போது 0.365தான். அவர் திறமை துளியும் குறையவில்லை, கூட்டம்தான் நெருங்கி வந்துவிட்டது! சுமாரான பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) இடமில்லை, சொத்தையான பேட்டர்களுக்கும் இடமில்லை, ஃபீல்டிங்கும் தேறிவிட்டது. பந்துவீச்சின் கை ரொம்ப ஓங்கினால் விதியை மாற்றிச் சராசரியை இழுத்துப் பிடிப்பார்கள்: 1968இல் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் 0.301இல் முதலிடம் பிடித்தார், அடுத்த வருடமே, பேட்டர்களுக்குச் சாதகமாக, பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டார்கள்.

புதைபடிவ ஆராய்ச்சியாளருக்கு பேஸ்பாலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உயிரினங்களில் மாறுபாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது பட்டது. இந்த மாதிரி 'உபயோகமில்லாத' ஆர்வங்களுக்கும் நிதி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்து ஆட்களே ஆட்கள் என்பது ஒரு மூடநம்பிக்கை, அதை உடைக்க இப்படி ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

கேள்வியில் ஒரு திருத்தமும் உண்டு. வில்லியம்ஸ் 0.406 அடித்தபோது அந்த லீகில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது, அவர்கள் தனியாக நீக்ரோ லீக்குகளில் ஆடினார்கள். அந்தப் புள்ளிவிவரங்களை அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் 2024இல்தான் தன் ஏட்டில் சேர்த்தது. இப்போது ஒரு சீசனின் உச்சம் 1943இல் ஜோஷ் கிப்சன் எடுத்த 0.466. ஆக, 1941க்குப் பிறகும் ஆள் இருந்திருக்கிறார். கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். மேஜர் லீகின் நிறத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு முதன்முதலாக இறங்கியது அதே வருடம் ஏப்ரலில்.