வாடகை வருகிறது, பணம் ஏன் நிற்பதில்லை?

போன மாதம் ஓர் அம்மா கணக்குப் பார்க்க வந்திருந்தார். கணவனும் மனைவியுமாகச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கையில் ஒரு நீள நோட்டு. மாதாமாதம் வந்த வாடகை மட்டும் தேதி போட்டு அழகாக எழுதியிருந்தது. செலவுச் சீட்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கசங்கிக் கிடந்தன. "சார், வாடகை வந்துட்டுதான் இருக்கு. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே" என்றார்.

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினோம். மோட்டார் பழுது, பெயின்ட், தரகர் கமிஷன், சொத்து வரி, காப்பீடு. அப்புறம், ஒரு வீடு பூட்டிக் கிடந்த மாதங்கள். அந்த மாதங்களுக்குச் சீட்டே கிடையாது என்பதால் அவர் அதைச் செலவாகவே நினைக்கவில்லை. கடன் தவணைக்குப் போகும் முன்பே, வரவேண்டிய வாடகையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது.

சின்ன அளவில் வீடு விடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. 100 வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 5 வீடு காலியானால் 5% வருமானம் குறையும், அவ்வளவுதான். ஒரே வீடு வைத்திருப்பவருக்கு அது காலியானால் அந்த மாத வருமானம் மொத்தமும் போச்சு. தவணையும் வரியும் மட்டும் காத்திருக்காது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக ஒரு கணக்கில் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குடியிருப்பவர் கொடுத்த முன்பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது திருப்பித் தர வேண்டிய கடன்.

அந்த அம்மாவுக்கு வேறொரு யோசனையும் இருந்தது. முதல் வீட்டில் நான்கு வருடமாகத் தேதி தவறாமல் வாடகை தரும் ஒரு குடும்பம். "இன்னும் 5% கூடக் கிடைக்கும், ஆளை மாத்துங்க" என்று தரகர் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுக் காட்டினேன். வாடகை 100 என்றால் புது ஆள் 105 தருவார். மாற்றும்போது ஒரே ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலும் 100 போய்விடும். மாதம் 5 வீதம் அதை மீட்க 20 மாதம் ஆகும். பெயின்ட், கமிஷன் இரண்டையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது வீட்டில் குடியிருப்பவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அளவு ஈரக் கறை, ஓரத்தில் பழுப்பு நிறம். "ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போதும்ல?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். போதாது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். கான்கிரீட்டுக்குள் நீர் இறங்கிக்கொண்டே இருந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெருக்கி, கடைசியில் காரையைப் பெயர்த்துத் தள்ளும். கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது. நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் பெயின்ட் பற்றிப் பேச வேண்டும்.

கடன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாறும் வட்டியில் வாங்கியிருந்தால், இன்றைய தவணையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 20 வருடக் கடனில் வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு ஏறினால் தவணை சுமார் 15% கூடும். வாடகையை ஒரே மூச்சில் அப்படி ஏற்ற முடியுமா?

வைத்திருப்பதா, விற்பதா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். எல்லாச் செலவும் போக வருடத்துக்கு நிற்கும் தொகையை, இன்று விற்றால் வரியும் கடனும் போகக் கைக்கு வரும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பணம் வேறு இடத்தில் அலைச்சல் இல்லாமல் அதைவிடக் கூடுதலாகத் தருமா என்பதுதான் கேள்வி. வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கை தப்பில்லை. ஆனால் அந்த ஏற்றம் அடுத்த மாதத் தவணையைக் கட்டாது.

இரண்டாவது வீட்டைப் பற்றி அந்த அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் வீட்டுக் குடும்பம் அதே வாடகையில் தொடர்கிறது. கிளம்பும் முன் என் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து, நோட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். வலது பக்கத்தில் முதல் வரியாக 'மொட்டை மாடி ஒழுகல்' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டிருந்தார்.