பல் விழுகிற மாதிரி கனவு வந்தால்

கொங்கு நாட்டில் கனவை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் கனவில் வந்து சொன்னதாக ஒரு பக்தர் கொண்டுவரும் பொருளைத்தான் அதில் வைப்பார்கள். ஆனால் கனவு கண்டேன் என்றதும் வைத்துவிட மாட்டார்கள். சாமியிடம் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் உண்டு. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். நம் வீட்டுக் கனவுக்கு மட்டும் அது இருப்பதில்லை. பாம்பு வந்தால் தோஷம், பல் விழுந்தால் சாவு என்று விடிவதற்குள் முடிவு கட்டிவிடுகிறோம்.

மனநல ஆலோசகரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தூக்கம் வரவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் ஒருவரும் அப்படித்தான் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பல் ஒவ்வொன்றாகக் கையில் விழுகிற கனவு. மாமியாருக்கு உடம்பு சரியில்லாத நேரம். "பெரியவங்களுக்கு ஆகாது" என்று யாரோ சொல்லிவிட, படுக்கவே பயந்துபோனார்.

பல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. "கனவுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் பார்த்துறக் கூடாதுன்னு வாயைக் கையால மூடிட்டே இருந்தேனுங்க."

"பயமா இருந்துச்சா?"

"இல்லைங்க. வெக்கமா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்ததைச் சொன்னார். காலையில் தாடை வலிக்கிறதா என்றும் கேட்டேன், வலிக்கிறதாம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் இப்படிப்பட்ட கனவுக்குக் காரணமாகலாம் என்பதால் பல் டாக்டரையும் பார்க்கச் சொன்னேன். கனவு உடனே நின்றுவிடவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்ன பிறகு, படுக்கப் பயப்படுவது குறைந்தது.

கனவில் வரும் ஒவ்வொன்றும் கண்டவருக்கு எதை நினைவூட்டுகிறது என்று கேட்பதுதான் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு 1899-இல் காட்டிய வழி. அவர் சொன்ன பலவற்றை இன்று ஏற்பதில்லை. இந்தக் கேள்வியை மட்டும் நாங்கள் விடவில்லை. ராத்திரி கரண்ட் வரும் நேரத்தில் டார்ச்சோடு தண்ணி கட்டப் போகிறவர் கனவில் வருவது தோட்டத்துப் பாம்பாகவே இருக்கலாம். நாகதோஷப் பரிகாரத்துக்குக் கொடுமுடி கோயிலுக்குப் போய்வர நம்பிக்கை இருந்தால் போய் வாருங்கள். கனவுக்குப் பயந்து கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய மட்டும் வேண்டாம்.

எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன் மனதில் எஞ்சியிருப்பது பயமா, வெட்கமா, ஏக்கமா என்று குறித்துவையுங்கள். அதற்கு முந்தின நாள் நடந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

விபத்தோ இழப்போ நடந்த பிறகு ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசலாம். புது மாத்திரை தொடங்கியதும், குடியை நிறுத்தியதும் கனவுகள் மோசமாகலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. கனவு காணும் தூக்கத்தில் கை கால் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். வயதானவர் தூக்கத்தில் கத்தி, உதைத்து, கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால், அது சிலருக்குப் பார்க்கின்சன் நோயின் (நடுக்குவாதம்) முன்னறிகுறியாக இருக்கலாம். அப்போது கனவில் என்ன வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.